புளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாம்பாரில் காய் வேகவில்லை, ரசம் கசக்கிறது, வத்தக்குழம்பு எவ்வளவு கொதித்தாலும் பச்சை வாசனை அடிக்கிறது என்று மூன்று பேர் மூன்று புகாரோடு வந்தால், மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் புளிதான் உட்கார்ந்திருக்கும். எங்கள் குடும்பம் நத்தம் பக்கம். மாசி, பங்குனியில் மரத்தை உலுக்கி, பழத்தை முற்றத்தில் குவித்து, ஓடு நீக்கிக் கொட்டை தட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் கல்யாணமாகி நானாகச் சமைக்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்கக் குழம்பு சொதப்பல்தான். புளி எவ்வளவு போடுவது என்று கவலைப்பட்டேனே தவிர, எப்போது ஊற்றுவது என்று யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும், தனியாகச் சமைக்கும் பையன்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. பதில்கள் என் அடுப்படியில் சரிவந்தவை.

சமையல் குறிப்பில் ‘எலுமிச்சை அளவு புளி’ என்று போடுகிறார்களே, எந்த எலுமிச்சை?

கேட்க வேண்டிய கேள்விதான். சந்தையில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதான எலுமிச்சையும் இருக்கிறது, முட்டை அளவு எலுமிச்சையும் இருக்கிறது. ஒருநாள் பொறுக்காமல் தராசில் வைத்துப் பார்த்தேன். கொட்டையும் நாரும் எடுத்த புளியை நான் எலுமிச்சை அளவு என்று உருட்டினால் 25 முதல் 30 கிராம் வருகிறது. பெரிய நெல்லிக்காய் அளவு என்றால் 10 முதல் 12 கிராம். நாலு பேருக்கான சாம்பாருக்கு நெல்லிக்காய் அளவு போதும். ரசத்துக்கும் அதேதான், தக்காளி சேர்த்தால் அதில் பாதி. வத்தக்குழம்பு, மீன்குழம்பு, காரக்குழம்புக்கு எலுமிச்சை அளவு.

ஆனால் இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம், திராட்சையில் இருக்கிறதே அதேதான். புளியின் சதையில் அது 8 சதவீதமும் இருக்கலாம், 18 சதவீதமும் இருக்கலாம். அதாவது ஒரே எடையில் ஒரு மரத்துப் புளி இன்னொரு மரத்துப் புளியைப்போல இரண்டு மடங்கு புளிக்கும். புதுப் பொட்டலம் பிரித்த அன்று, கரைத்ததில் முக்கால் பங்கை ஊற்றுங்கள். கொதித்ததும் ருசி பாருங்கள். மீதியை ஊற்றலாமா என்று அப்போது முடிவு செய்யலாம். இரண்டு நாள் சமைத்தால் அந்தப் புளியின் குணம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

புதுப் புளி நல்லதா, பழைய புளி நல்லதா?

இரண்டும் வேண்டும். என் வீட்டில் இரண்டு ஜாடி இருக்கிறது. புதுப் புளி செம்பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். புளிப்பு சுருக்கென்று நாக்கில் ஏறும். வருடம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போகும், புளிப்பின் முனை மழுங்கும், ஒருவித வெல்ல வாசனை வரும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் புதுசு, நிறம் பளிச்சென்று இருக்கும். வத்தக்குழம்புக்கும் புளியோதரைக்கும் பழசு. அந்தக் கறுப்பு நிறமே அங்கே அழகு. பழைய புளிதான் உடம்புக்கு ஆகும் என்று எங்கள் அப்பத்தா அடித்துச் சொல்வார். புது வருடப் புளியைச் சித்திரைக்கு முன் அடுப்படிக்குள்ளேயே விடமாட்டார்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் பழசு ஆகிவிடாது. ஈரத்தில் கிடந்து கறுத்ததும் உண்டு. ஒரு துளி கிள்ளி முகர்ந்து பாருங்கள். முடை நாற்றமோ பூஞ்சை வாசனையோ வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வெந்நீரில் ஊறவைக்கலாமா?

தாராளமாக. வெந்நீரில் 10 நிமிடம், பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம். ஊறவைக்குமுன் ஒரு தடவை அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தரையில் உலர்ந்த பொருள், மண் இருக்கும்.

கரைக்கும்போது முதலில் குறைவான தண்ணீரில், கையால் நன்றாகப் பிசைந்து கெட்டியாக ஒரு கரைசல் எடுங்கள். அதை வடித்துவிட்டு, சக்கையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டாவது கரைசல். மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் சதை நழுவிக்கொண்டே இருக்கும், பாதி புளி சக்கையோடு குப்பைக்குப் போகும். வடித்த கரைசலை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்தால் பொடிமணல் அடியில் தங்கும். மேலாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, கடைசி ஒரு கரண்டியை விட்டுவிடுங்கள்.

அவசரத்தில் கொட்டையோடு மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். புளியங்கொட்டையின் தோலில் துவர்ப்பு அதிகம், அது நொறுங்கி இறங்கினால் ரசம் கசக்கும். ரசம் கசக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, வெந்தயமோ பெருங்காயமோ தீய்ந்ததா என்று.

புளித்தண்ணீர் ஊற்றிய பிறகு காய் ஏன் வேகமாட்டேன் என்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காயின் உள்ளே ஒவ்வொரு செல்லையும் பக்கத்து செல்லோடு ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. வெறும் தண்ணீரில் கொதித்தால் அந்தப் பசை கரையும், காய் குழையும். தண்ணீரில் புளிப்பு இருந்தால் பசை லேசில் கரையாது. பருப்புக்கும் இதே கதைதான். புளியோடு சேர்த்துத் துவரம்பருப்பைக் குக்கரில் வைத்தால் ஆறு விசில் வந்தாலும் விதை விதையாகவே கிடக்கும். புளிதான் என்றில்லை, தக்காளி, மாங்காய், மோர் எல்லாமே அப்படித்தான்.

அதனால் பருப்பு எப்போதும் தனியாக, குழைய வேக வேண்டும். முள்ளங்கி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போன்ற கடினமான காய்களை முதலில் உப்பும் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் முக்கால்வாசி வேகவைத்துவிட்டுப் பிறகு புளியை ஊற்றுங்கள். முருங்கைக்காய் பாதி வெந்தால் போதும்.

இதிலேயே ஒரு சௌகரியமும் இருக்கிறது. சீக்கிரம் குழைந்துபோகிற காய்களை நேரே புளித்தண்ணீரில் போட்டால் உடையாமல் நிற்கும். கத்திரிக்காய், பரங்கிக்காய், சின்ன வெங்காயம் இந்த ரகம். எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பில் கத்திரிக்காய் காம்போடு முழுசாக நிற்கிறதே, எண்ணெயில் வதக்கியதோடு புளிக்கும் அதில் பங்கு உண்டு. விருந்துக்குச் சமைக்கும்போது கவனித்திருக்கிறேன்: அனுபவப்பட்ட கை ஒரே சாம்பாருக்கு மூன்று காயை மூன்று நேரத்தில் போடும். முள்ளங்கி புளிக்கு முன்னால், முருங்கைக்காய் புளிக்குக் கொஞ்சம் முன்னால், கத்திரிக்காய் புளியோடு.

கீரைக்குப் புளி விட்டால் பச்சை நிறம் போய்ப் பாசி நிறமாகும். ருசிக்குக் கெடுதி இல்லை. நிறம் வேண்டுமென்றால் கீரையைத் தனியே வேகவைத்துக் கடைந்து, கொதித்த புளியைக் கடைசியில் கலந்து கொள்ளலாம்.

பச்சை வாசனை போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூக்கு, கண், காது மூன்றும் சொல்லும். புளித்தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வரும் ஆவியில், பழத்தை உடைத்த மாதிரி ஒரு கூர்மை இருக்கும், மூக்கை லேசாகக் குத்தும். அந்தக் குத்தல் அடங்கி, போட்ட மசாலாவின் வாசனை மேலே வரவேண்டும். சாம்பாருக்கு நடுத்தரத் தீயில் 8 முதல் 10 நிமிடம் ஆகும். வத்தக்குழம்புக்கு இருபது நிமிடமாவது வேண்டும்.

வத்தக்குழம்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆரம்பத்தில் குமிழி பெரிதாக எழுந்து உடையும். தண்ணீர் சுண்டச் சுண்டக் குமிழி சின்னதாகும், அடர்த்தியாகும், ‘தள தள’ சத்தம் ‘பொத் பொத்’ என்று மாறும், நாலு சொட்டு அடுப்பு மேடையில் தெறிக்கும். கொஞ்ச நேரத்தில் சட்டியின் விளிம்பைச் சுற்றி நல்லெண்ணெய் செம்மஞ்சளாகக் கசிந்து வளையம் கட்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் குழம்பு உடனே ஓடிவந்து மூடாது, ஒரு கணம் தயங்கும். அப்போது இறக்குங்கள்.

பச்சை வாசனை போகவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் மசாலாத்தூளைப் புளிக்குப் பிறகு போட்டவர்கள். வாசனை புளியுடையதாக இருக்காது, வறுபடாத மல்லித்தூளுடையதாக இருக்கும். தூளை எண்ணெயில் அடுப்பைச் சிம்மில் வைத்து அரை நிமிடம் புரட்டிவிட்டுப் புளியை ஊற்றிப் பாருங்கள்.

அப்படியானால் ரசத்தை ஏன் கொதிக்கவிடக் கூடாது என்கிறார்கள்?

ரசத்தில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் புளித்தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், தக்காளி. இது நன்றாகக் கொதித்து மூன்றில் ஒரு பங்காவது சுண்ட வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்கள் வீட்டு ரசம் புளித்தண்ணீராகவே இருக்கும். இரண்டாவது கட்டத்தில் இடித்த மிளகு, சீரகம், பூண்டு, பருப்புத் தண்ணீர். இவை விழுந்த பிறகு ஓரம் நுரைகட்டி நடுவை நோக்கி ஏறி வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிளகு சீரகத்தின் வாசனை ஆவியோடு ஓடிவிடக் கூடியது. புளிப்பு எங்கும் ஓடாது, எத்தனை கொதி கொதித்தாலும் அமிலம் அங்கேயேதான் இருக்கும். இந்த வித்தியாசம் புரிந்தால் ரசம் கைவந்த மாதிரிதான்.

புளி கூடிவிட்டது. வெல்லம் போட்டால் சரியாகுமா?

வெல்லம் புளிப்பைக் குறைக்காது, நாக்கை ஏமாற்றும். சுண்டைக்காய் அளவு வெல்லம் வத்தக்குழம்புக்கு எப்படியும் அழகுதான். அதற்கு மேல் போட்டால் புளிப்பும் இனிப்புமாக இன்னொரு பண்டம் ஆகிவிடும். சாம்பார் என்றால் இன்னும் கொஞ்சம் வெந்த பருப்பு சேர்க்கலாம். காரக்குழம்பு என்றால் தேங்காய் அரைத்து விடலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் வெந்நீர் ஊற்றி, உப்பையும் காரத்தையும் திருத்தி, இரண்டு கொதி விட்டு, அளவு கூடியதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். புளிப்பு குறையும் என்பது உண்மை. அதோடு குழம்பில் சோப்பு வாடை அடிக்கும் என்பதும் உண்மை. ஒருமுறை செய்து சட்டியோடு கொட்டினேன்.

புளிக்குழம்பை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? ஈயச்சொம்பு ரசம் அவ்வளவு விசேஷமா?

மண்சட்டி, கல்சட்டி, எவர்சில்வர் மூன்றிலும் கவலையே இல்லை. புளியின் அமிலம் அலுமினியத்தையும், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களையும் அரிக்கும். உலோகம் குழம்பில் இறங்கும், ருசியும் கெடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிறதே, அங்கே நடப்பதுதான் சட்டிக்குள்ளும் நடக்கிறது. விளக்கைத் தேய்த்த புளியை யாராவது சோற்றில் பிசைவார்களா? இரும்புச் சட்டியில் வைத்தால் நாள்பட எண்ணெயில் பழகிவந்த கறுப்புப் பூச்சு உரிந்துவிடும், குழம்பும் கறுக்கும். தாளிக்க மட்டும் இரும்பை வைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டிக்கு ஒரு கூடுதல் நன்மை: சூடு நின்று நிதானமாக ஆறுவதால் இறக்கிய பிறகும் குழம்பு சுண்டிக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் முன்னதாகவே இறக்க வேண்டும்.

ஈயச்சொம்பு பற்றி. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்தைக் குறிக்கும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. ரசச்சொம்பு வெள்ளீயத்தில்தான் இருக்க வேண்டும். வாங்கும்போது வெறுமனே ‘நல்ல ஈயம்’ என்று சொன்னால் விடாதீர்கள். வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள். கலப்படம் பற்றிச் சந்தேகம் இருந்தால் எவர்சில்வரே போதும்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சொம்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் கதை முடிந்தது. எனக்கு மாமியார் கொடுத்த சொம்பு அப்படித்தான் போனது. புளியைக் கரைத்து ஊற்றலாம் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனேன். திரும்பி வந்தபோது சொம்பின் அடி ஒரு பக்கமாகச் சரிந்து, பாதரசம் மாதிரி நாலு சொட்டு பர்னரில் பளபளத்துக்கொண்டிருந்தது. புளி கிண்ணத்திலேயே இருந்தது. என் வயிற்றில்தான் கரைந்தது. அதனால் முதலில் புளித்தண்ணீரை ஊற்றுங்கள், பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். ருசி விசேஷமா என்றால், என் நாக்குக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அது சொம்பா, சின்ன வயது ஞாபகமா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு, மீன் மூன்றுக்கும் புளி கட்டாயம் என்கிறார்களே, ஏன்?

மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. வெண்டைக்காயில் வழவழப்பு. புளிப்பு பட்டால் அது அடங்கும். வதக்கும்போதே இரண்டு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நூல் விடாது.

சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. நாக்கும் தொண்டையும் அரிப்பது அதனால்தான். புளித்தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் கிழங்கு அரைவேக்காடாக இருந்தால் புளியும் காப்பாற்றாது. முன்னால் சொன்னபடி புளியில் வேக நேரம் பிடிக்கும் என்பதால், பொறுமையாகக் கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும் வரை வேகவிடுங்கள்.

மீனின் கவிச்சி வாடைக்குக் காரணமான பொருள்கள் காரத்தன்மை உள்ளவை. அமிலம் அவற்றைக் கட்டிப்போட்டு ஆவியாகாமல் செய்துவிடும். சதையும் கொஞ்சம் இறுகுவதால் துண்டு உடையாது. குழம்பு முழுசாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் மீனைப் போட வேண்டும், போட்டபின் 6, 7 நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். மறுநாள் மீன்குழம்பு ஏன் தூக்கலாக இருக்கிறது என்று கேட்டால், புளியும் உப்பும் இரவு முழுக்கத் துண்டுக்குள் இறங்கியிருக்கும் என்பதுதான் பதில். தேங்காய்ப்பால் சேர்க்கிற வீடு என்றால் கடைசியில், தீயைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். தளதளக்கும் புளியில் ஊற்றினால் திரிந்துவிடும்.

வீட்டுப் புளியோதரை கோயில் புளியோதரை மாதிரி ஏன் வருவதில்லை?

நாம் எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கிறோம், அதுதான் முதல் காரணம். 100 கிராம் பழைய புளிக்கு 150 மில்லி நல்லெண்ணெய் என்றால் கை நடுங்குகிறது. ஆனால் புளிக்காய்ச்சல் கெடாமல் இருப்பதும், சோற்றில் ஒட்டிக்கொள்வதும் அந்த எண்ணெயால்தான்.

நான் செய்வது இப்படி: 100 கிராம் புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்வேன். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, 12 காய்ந்த மிளகாய், நிலக்கடலை, கறிவேப்பிலை தாளித்து, பெருங்காயம், மஞ்சள்தூள் போட்டுப் புளியை ஊற்றி, கல்லுப்பு சேர்த்துச் சிறு தீயில் 25, 30 நிமிடம். எண்ணெய் பிரிந்து அல்வா மாதிரி சுருண்டு வரும்போது சிறு துண்டு வெல்லம். இறக்கிய பிறகு பொடி: இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், 6 மிளகாய், ஒரு மேசைக்கரண்டி எள், எல்லாம் தனித்தனியாக வறுத்துக் கரகரப்பாகப் பொடித்தது. வெந்தயம் சிவக்கலாம், கருகக் கூடாது. பூண்டும் வெங்காயமும் இதன் பக்கமே வரக் கூடாது.

இரண்டாவது காரணம் சோறு. சூட்டோடு கலந்தால் களியாகிவிடும். உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் மஞ்சளும் தூவி ஆறவிட்டுப் பிறகு கலக்க வேண்டும். கலந்து இரண்டு மணி நேரமாவது மூடிவையுங்கள். கோயில் பிரசாதம் நம் கைக்கு வருவதற்குள் அத்தனை நேரம் ஊறித்தான் வருகிறது.

பாட்டிலில் விற்கும் புளி பேஸ்ட் வாங்கலாமா?

அவசரத்துக்கு வாங்கலாம். ஏற்கெனவே சுண்டவைத்தது என்பதால் கெட்டி. ஒரு தேக்கரண்டி போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள். நிறம் கறுப்பு, அதனால் ரசத்துக்கு எடுப்பாக இருக்காது. சிலவற்றில் உப்பு சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்த்துவிட்டுக் குழம்பில் உப்புப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை 200 கிராம் புளியைக் கரைத்து, உப்புப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். நான் இதைத்தான் செய்கிறேன்.

புளிக்குப் பதில் எலுமிச்சையோ தக்காளியோ போதாதா?

சில பண்டத்துக்குப் போதும். ஆனால் ஊற்றும் நேரம் தலைகீழாக மாறும். எலுமிச்சையின் உயிர் அதன் வாசனையில் இருக்கிறது. கொதித்தால் அது போய்க் கசப்பு மிஞ்சும். அதனால் இறக்கிய பிறகு பிழிய வேண்டும். தக்காளி கொதி தாங்கும், ஆனால் புளிப்பு மெலிது, எலுமிச்சை அளவு புளியை ஈடுகட்டத் தக்காளியை அள்ளிப் போட வேண்டியிருக்கும், குழம்பு தொக்காகிவிடும். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை வருவதற்கு முன்பு நம் குழம்பு மிளகையும் புளியையும் வைத்துத்தான் ஓடியது, மிளகுக் குழம்பில் அந்தப் பழைய ருசி இன்னும் இருக்கிறது. பருப்புக் கடையலுக்கு மாங்காய், துவையலுக்குப் புளிச்சகீரை என்று பருவத்துக்கு ஏற்ப மாற்றலாம். வத்தக்குழம்புக்கு மட்டும் மாற்று கிடையாது.

குடம்புளி, கொடுக்காப்புளி, பழப்புளி எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் புளி என்பது முதலில் ஒரு சுவை, பிறகுதான் ஒரு மரம். அதனால் புளிக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

குடம்புளி வேறு மரம். கேரளத்து மீன்கறியிலும் கன்னியாகுமரிப் பக்கத்து மீன்குழம்பிலும் போடுவது. புகையில் உலர்த்தி, கறுத்த தோல்துண்டு மாதிரி இருக்கும். கரைக்க வேண்டாம், இரண்டு மூன்று துண்டை அலசி அப்படியே குழம்பில் போட்டு, புளிப்பு போதும் என்றதும் எடுத்துவிடலாம். இலங்கையில் இதன் உறவு மரம்தான் கொறுக்காய். கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரத்தின் சுருள் காய்; பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்னத்தான், குழம்புக்கு ஆகாது.

பழப்புளி மட்டும் நம் புளியேதான். யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்கள். அங்கே எலுமிச்சை தேசிக்காய், அதன் சாறு தேசிக்காய்ப்புளி என்பதால், எந்தப் புளி என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்குக் கொதிக்கும்போதே பழப்புளி, சொதிக்கு இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி. நான் மேலே பத்தி பத்தியாக எழுதியதை அவர்கள் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தியப் பேரீச்சை என்ற பொருளில் அரபியர் ‘தமர் ஹிந்த்’ என்றார்கள், உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் போனது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. நம் ஊருக்கு வந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ, இப்போது அது புளியங்குடிக்கும் புளியந்தோப்புக்கும் பெயர் கொடுத்துக்கொண்டு நிற்கிறது.

வருடத்துக்கான புளியை எப்படிச் சேர்த்து வைப்பது?

மொத்தமாக வாங்குவதென்றால் மாசியிலிருந்து சித்திரைக்குள். கொட்டைப்புளி மலிவு, ஆனால் பாதி எடை கொட்டையும் நாரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார், ஓட்டுத் துணுக்கு, கொட்டை எல்லாம் எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்புத் தூவி, உருண்டையாகவோ அடையாகவோ தட்டிப் பீங்கான் ஜாடியில் அழுத்தி அடுக்குங்கள். இடைவெளி இருந்தால் அங்கேதான் பூச்சி வரும். வாயைத் துணியால் கட்டி மூடுங்கள். ஈரக்கை, ஈரக்கரண்டி இரண்டும் ஜாடிக்குள் போகவே கூடாது. பாத்திரம் கழுவிய கையோடு புளி கிள்ளுவது நம் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம்; அதற்காக வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எவர்சில்வர் தூக்கில் வருடக்கணக்கில் வைத்தால் உப்பும் புளியும் சேர்ந்து பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

நிறம் மாறக் கூடாது, ரசத்துக்கு வேண்டும் என்றால் ஒரு பகுதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். செம்பழுப்பு அப்படியே நிற்கும்.

பழக்கடையில் இனிப்புப் புளி என்று விற்கிறார்களே, அதில் குழம்பு வைக்கலாமா?

அது தாய்லாந்து ரகம், உரித்துத் தின்பதற்கு. குழம்பு வைத்தால் பானகம் மாதிரி இருக்கும்.

எடுத்த கொட்டையை என்ன செய்வது?

வறுத்து, தோல் நீக்கி, ஒரு இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மெல்லலாம். பல் கெட்டியாக இருக்க வேண்டும். நெசவுக்காரர்கள் பாவுக்கு இடும் பசைக்கும் புளியங்கொட்டை மாவு போகும். எங்கள் வீட்டில் நல்லதாக நாலைந்து கொட்டையை எடுத்து ஒரு பக்கம் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியத் தேய்த்து வைத்திருக்கிறோம், மழை நாளில் தாயம் ஆட.